தட்டிக் கேட்க ஆள் வேண்டாமா?

பெரியகுளத்துக் காற்றை வாங்கிக்கொண்டே எங்கள் சண்டையையும் ரசிக்க வந்திருக்கும் உக்கடத்துப் பெருமக்களே!

தொழிலும் செல்வமும் வளர்வது கண்டிப்பான ஆட்சியிலா, சுதந்திரமான ஆட்சியிலா என்பது தலைப்பு. சுதந்திரத்திலேதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டார். "அப்பா கண்டிப்பா இருந்தாத்தான் வீடு உருப்படும், நாடும் அப்படித்தான்" என்றார். சரிங்கம்மா, ஒத்துக்கிறேன். அந்த அப்பாவே சம்பளத்தைச் சீட்டாட்டத்தில் விட்டுட்டு வந்தா யாருங்க கண்டிக்கிறது? (சிரிப்பு) நீங்கதானே! கண்டிக்க நீங்க இருக்கிறதாலதான் அது குடும்பம். இல்லாட்டி அது ஜமீன்!

அடுத்த நண்பர் இந்த ஊர் மேம்பாலத்தையே பிடித்துக்கொண்டார். "2018-ல் ஆரம்பிச்சு 2024 ஆகஸ்டில்தான் திறந்தாங்க. சீனாவா இருந்தா ஆறே மாசம்!" நீங்களும் கைதட்டினீங்க. அந்த நெரிசலில் நின்றவன்தான் நானும். தாமதம் தப்புத்தான். ஆனா அங்கே குடியிருந்த ஜனங்களுக்கு மாற்று வீடு வேண்டாமா? "எங்க போறதுங்க?" என்று கேட்கிற வாய் இருந்தால் வேலை கொஞ்சம் தாமதமாகும். அந்த வாயை அடைத்தால் வேகம் வரும். நாளைக்கு அடைபடுவது உங்க வாயாக இருந்தால்?

சீனா 1978-க்குப் பிறகு கோடிக்கணக்கான ஏழைகளைக் கைதூக்கி விட்டது உண்மை. மறைக்க மாட்டேன். ஆனால் அந்த நாட்டின் பெரிய தொழிலதிபர் ஜாக் மா கதையைப் பாருங்கள். 2020 அக்டோபரில் ஷாங்காய் மேடையில், அரசாங்கத்தின் வங்கி விதிகளைக் குறைசொல்லிப் பேசினார். பத்தே நாளில், உலகத்திலேயே பெரியதாக இருந்திருக்கக்கூடிய அவருடைய ஆன்ட் நிறுவனத்தின் பங்கு வெளியீடு நிறுத்தப்பட்டது. மனிதர் 2021 ஜனவரி வரை பொதுவில் தலைகாட்டவே இல்லை. அத்தனை பெரிய கோடீசுவரருக்கே இந்தக் கதி என்றால், பீளமேட்டில் நாலு லேத் போட்டு மோட்டார் பம்பு செய்கிற நம்ம ஆள் எம்மாத்திரம்? கண்டிப்பான ஆட்சியில் தொழில் நடக்கும். யார் தொழில்? வேண்டியவர் தொழில்! (கைதட்டல்)

"சிங்கப்பூரைப் பார்" என்றார்கள். பார்த்தேன். செழிப்பான நாடு, தமிழை ஆட்சிமொழியாக வைத்த நாடு, வணங்குகிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் ஜெயரத்தினத்தையும் பாருங்கள். 1981-ல், அந்த நாடு சுதந்திரம் பெற்ற பிறகு தேர்தலில் வென்ற முதல் எதிர்க்கட்சி உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். வழக்கு மேல் வழக்கு. பதவி போயிற்று, வக்கீல் தொழில் போயிற்று. 1988-ல் லண்டன் பிரிவி கவுன்சில், அவருக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லி வக்கீல் தொழிலைத் திருப்பிக் கொடுத்தது. 1994-ல் அந்த மேல்முறையீட்டு வழியே எடுக்கப்பட்டது. 2001-ல் அவதூறு வழக்கு இழப்பீட்டைக் கட்ட முடியாமல் திவாலானார். நல்ல தலைவர் வாய்த்ததால் அந்த நாடு பிழைத்தது. தலைவர் நல்லவராக வாய்ப்பது லாட்டரி. லாட்டரியை நம்பிக் குடும்பம் நடத்தலாமா?

நம்ம நொய்யலுக்கு வாங்க. இந்தக் குளத்துக்குத் தண்ணி தருகிற அதே ஆறு திருப்பூர் தாண்டுகிறபோது சாயத் தண்ணியாச்சு. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாச்சு. பணம் எந்தப் பக்கம்? பனியன் பக்கம். டாலர் கொட்டுகிற தொழில்! ஆனாலும் நொய்யல் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் தீர்ப்பு வந்தது. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். வேலை இழந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அத்தனை வருஷம் ஆனதும் கொடுமைதான். ஆனால் கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தது, தொழிலும் சாகவில்லை. 2022-23-ல் திருப்பூர் ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

நடுவர் அவர்களே, முதலாளிக்குக் கடை போட உரிமை. விவசாயிக்கு வழக்குப் போட உரிமை. இரண்டும் சேர்ந்ததுதான் நான் கேட்கிற சுதந்திரம். முதலாவதை மட்டும் கொடுத்து இரண்டாவதைப் பிடுங்குவதுதான் எதிரணியின் கண்டிப்பு. தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பார்கள். தம்பி தொழில் செய்யட்டும், கோடி கோடியாய்ச் சம்பாதிக்கட்டும். தட்டிக் கேட்கவும் ஆள் இருக்கட்டும்! அதனால் சுதந்திரமே என்று தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)