சராசரியில் மறைந்தவர்கள்

பத்தாம் வகுப்பில் தனிநபர் வருமானத்திற்குச் சூத்திரம் எழுதிப்போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது என் பல ஆண்டுப் பழக்கம். இந்த ஆண்டு 100 புளியங்கொட்டைகளைக் கொண்டுபோனேன். அதுதான் நாட்டு வருமானம். பத்து மாணவர்களை முன்னால் அழைத்து, உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் 2022-23 இந்தியக் கணக்குப்படி பங்கிட்டோம். ஒருவனுக்கு 58. அடுத்த நால்வருக்குச் சேர்த்து 27. மீதி ஐவருக்கு 15, ஆளுக்கு மூன்று.

சராசரி கேட்டேன். பத்து என்றார்கள். யார் கையிலும் பத்து இல்லை!

1982 கணக்கில் பங்கிட்டிருந்தால் முதலாமவனுக்கு 30தான். 1991-க்குப் பின் வளர்ச்சி வேகமெடுத்தது, வறுமையும் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் இன்றும் ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு ரேஷனில் இலவச தானியம் தேவைப்படுகிறது.

மூன்று கொட்டை வாங்கிய மாணவி கேட்டாள்: "எங்கப்பா சரியா உழைக்கலையா சார்?"

அவர் கட்டட வேலைக்குப் போகிறவர். உழைத்தால் உயரலாம் என்று வகுப்பில் ஓயாமல் சொன்னவன் நான்தான். அதை வைத்துத்தான் அவள் அப்பாவை அளந்திருக்கிறாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

மறுநாள் அதே கொட்டைகளை மீண்டும் எடுத்தேன். நிலம், கூலி, படிப்பு யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கினேன்.