கல்லுடைக்கும் இயந்திரங்களுள் சிறந்தது எது?



பால் லாரி சேற்றில் புதையாமல் செல்லவும், மழைக்காலத்தில் நம் பிள்ளைகள் நேரத்தோடு பள்ளி சேரவும் தோட்டச் சாலைக்கு உடைகல் வேண்டும். அக்கல்லை உடைத்துத் தரும் நகரும் இயந்திரங்களுள் எது சிறந்தது என்று எவ்வாறு அறிவது? இதனை இன்று ஆராய்வோம். கல்குவாரி வேலைக்குச் செல்ல எண்ணும் நம் இளைஞர்களுக்கும் இது பயன்படும்.

தாடைக் கல்நொறுக்கி எனப்படும் இவ்வியந்திரத்திற்கு 1858ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான ஈலை விட்னி பிளேக் ஆவார். இதில் ஒரு தாடை அசையாது நிற்கும். மற்றது முன்னும் பின்னும் அசையும். மேலே அகன்றும் கீழே குறுகியும் உள்ள இடைவெளியில் விழும் பாறை, பல்லிடுக்கில் அகப்பட்ட பாக்கைப் போல நெரிந்து உடைந்து கீழே இறங்கும். இக்காலத்தில் இதனைப் புல்டோசரைப் போன்ற இரும்புச் சங்கிலிச் சக்கரங்களின் மேல் அமைத்திருக்கிறார்கள். இயந்திரமே பாறை உள்ள இடத்திற்குச் செல்வதால், பாறையை லாரியில் ஏற்றிச் செல்லும் செலவு குறைகிறது.

இனி ஒப்பீட்டிற்கு வருவோம். லொக்கோட்ராக் எல்.டி.106 என்னும் இயந்திரத்தின் வாய் 1,060 மில்லிமீட்டர் நீளமும் 700 மில்லிமீட்டர் அகலமும் உடையது. சாண்ட்விக் கியூ.ஜே.341 இயந்திரத்திற்கோ அது 1,200க்கு 750. வாயின் அகலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கல்லை இடலாகாது என்பது பொது விதி. ஆகவே முன்னதற்கு 560 மில்லிமீட்டர் அளவுள்ள கல்லும், பின்னதற்கு 600 மில்லிமீட்டர் அளவுள்ள கல்லும் இடலாம். ஆயினும் வாய் பெரிது என்பதனாலேயே இயந்திரம் சிறந்தது என்று முடிவு செய்துவிடலாகாது.

பால்மரம் சீவும் நமக்கு இவ்வுண்மை புதிதன்று. இளமரங்கள் நிற்கும் நிரையையும் முதிர்ந்த மரங்கள் நிற்கும் நிரையையும் ஒன்றாக வைத்து இருவரின் திறமையை எடை போடுவது நியாயமாகுமா? அவ்வாறே, சுண்ணாம்புப் பாறையை உடைத்த இயந்திரத்தைக் கருங்கல்லை உடைத்த இயந்திரத்தோடு ஒப்பிடுவதும் நியாயமன்று. கருங்கல் கடினமானது, தாடைத் தகடுகளையும் விரைவில் தேய்த்துவிடும். தாடைகளின் கீழ் இடைவெளியும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். இடைவெளியைக் கூட்டினால் கல் மிகுதியாக விழும். ஆனால் பெரிய கல்லாகவே விழும்.

பாலில் நீர் கலந்தால் எடை கூடும். உலர்ந்த ரப்பர் கூடுமா? இங்கும் அப்படியே. பாறையோடு வரும் மண்ணும் பொடியும் தாடைக்குள் செல்லாமலே சல்லடை வழியாக இறங்கிவிடுகின்றன. அவற்றையும் சேர்த்து நிறுத்து, "இத்தனை டன் உடைத்தோம்" என்று சொன்னால் அது மெய்க்கணக்கு ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். முதல் இயந்திரம் மணிக்கு 200 டன் உடைக்கிறது. ஆனால் 8 மணி நேர வேலையில் அடைப்பாலும் பழுதாலும் 2 மணி நேரம் நின்றுவிடுகிறது. அது உடைத்தது 1,200 டன். செலவான டீசல் 240 லிட்டர். இரண்டாவது இயந்திரம் மணிக்கு 170 டன்தான் உடைக்கிறது. ஆனால் அரை மணி நேரமே நிற்கிறது. அது உடைத்தது 1,275 டன். டீசல் 204 லிட்டர். முதலாவது டன்னுக்கு 200 மில்லிலிட்டரும், இரண்டாவது 160 மில்லிலிட்டரும் குடித்திருக்கின்றன. ஒரு மணி நேரக் கணக்கில் வென்றது ஒரு நாள் கணக்கில் தோற்றது!

எல்லாவற்றினும் மேலான அளவுகோல் ஒன்றுண்டு. அது மனித உயிர். தாடையில் கல் சிக்கிக்கொண்டால் ஆள் இறங்கி எடுக்க வேண்டியுள்ளதா? எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சில இயந்திரங்களில் தாடையைப் பின்னோக்கிச் சுழற்றியே அடைப்பை நீக்கலாம். நேரடி விசையால் இயங்குபவை டீசலைச் சிக்கனப்படுத்தும். ஆனால் அடைப்பை நீக்கும் வழி என்னவென்று முன்னரே கேட்டறிய வேண்டும். எஞ்சினை அணைத்த பின்னரும் கனத்த சக்கரம் சிறிது நேரம் சுழலும். அது முற்றிலும் நின்று, சாவியும் பூட்டப்படும் வரை எவரும் அருகில் செல்லலாகாது.

கருங்கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். அதனால் வரும் நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே நீர் தெளிக்கும் குழாய் இயங்காத இயந்திரம் எத்தனை டன் உடைத்தாலும் அதனைச் சிறந்ததென்று நாம் ஏற்கமாட்டோம்.

நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்காவிடில், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையை அது தொழிலாளிக்கு வழங்குகிறது. இவ்வுரிமையை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

எனவே, விளம்பரத் தாளிலுள்ள பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரே பாறை, ஒரே இடைவெளி, ஒரு முழுநாள் வேலை. மண் நீக்கிய எடை, டன்னுக்கு ஆன டீசல், மாலையில் நலமாக வீடு திரும்பிய தொழிலாளர்கள்: இவற்றை வைத்தே இயந்திரத்தை அளப்போமாக!