வினைச்சொல்லைத் தனியே படிக்காதீர்கள்

பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்கள் நேர்முகத் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் எங்கே இடறுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். கடினமான சொற்களில் அல்ல. 'மீ', 'ஹிம்', 'இட்' என்ற பிரதிப்பெயர்களிலும், 'டு', 'அட்', 'அபௌட்', 'அப்' என்ற சின்னஞ்சிறு சொற்களிலும்தான். 'டெல் மீ' சரியாக இருக்கிறது. 'எக்ஸ்ப்ளெயின் மீ' தவறாகிவிடுகிறது. 'கிவ் மீ எ புக்' சரி. 'சஜஸ்ட் மீ எ புக்' என்பதை ஆங்கில ஆசிரியர் அடித்துத் திருத்துகிறார். இவற்றைக் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமில்லை. வினைச்சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்த வினை யாரை, எதை, எந்த வடிவில் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் என்பதைச் சொல்லாமல் விட்ட கற்பித்தல் முறையின் விளைவு இது என்பதே என் வாதம்.

வினை தன் துணையைத் தானே தேர்ந்துகொள்வது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தை அன்று. 'நான் காபி குடிக்கிறேன்' என்கிறோம். ஆனால் 'எனக்குக் காபி பிடிக்கும்' என்கிறோம். விரும்புகிறவன் நான்தான், இருந்தும் 'பிடிக்கும்' என்ற வினை என்னை 'எனக்கு' ஆக்கிவிடுகிறது. தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவர் அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் 'நான் காபி பிடிக்கிறேன்' என்றுதான் சொல்வார். நமக்கு இந்தத் தவறு வருவதில்லை, ஏனென்றால் அந்த வினையை 'எனக்கு', 'உனக்கு' என்ற சொற்களோடு சேர்த்தே காதில் வாங்கி வளர்ந்தோம். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்வதால், 'எனக்கு' வாக்கியத்தில் எங்கே நின்றாலும் பொருள் மாறாது. பழைய ஆங்கிலத்திலும் இத்தகைய உருபுகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்தன. பெரும்பாலும் பிரதிப்பெயர்களில்தான் 'ஹி, ஹிம்', 'வி, அஸ்' என்று மிச்சம் நிற்கின்றன. உருபுகள் செய்த வேலையைச் சொல் நிற்கும் இடமும் முன்னிடைச் சொற்களும் எடுத்துக்கொண்டன. ஆகவே நாம் உருபில் தேடும் செய்தியை ஆங்கிலம் வரிசையில் வைத்திருக்கிறது.

இதற்கு ஒரு விதி கிடையாதா என்று கேட்கலாம். ஓரளவுக்கு உண்டு. 'கிவ்', 'டெல்', 'ஷோ', 'செண்ட்' போன்ற குறுகிய, பழைய ஜெர்மானிய வேர்ச் சொற்கள் ஆளை நேராகப் பின்னால் ஏற்கும். 'எக்ஸ்ப்ளெயின்', 'சஜஸ்ட்', 'டிஸ்கிரைப்', 'அனவுன்ஸ்' என்று லத்தீன் வழியில் வந்தவை ஆளுக்கு முன்னால் 'டு' கேட்கும். ஆனால் லத்தீன் வழி வந்த 'அசைன்' ஆளை நேராகவே ஏற்கிறது. மறுபுறம், அசல் ஆங்கில வேர் கொண்ட 'ஸே' என்ற சின்ன வினை ஏற்பதில்லை: 'ஸே டு மீ' உண்டு, 'ஸே மீ' இல்லை. 'டெல்' இதற்கு நேர் எதிர். 'வரமாட்டேன் என்று சொன்னார்' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. யாரிடம் சொன்னார் என்பது வேண்டியதில்லை. அதனால்தான் நம்மவர் 'ஹி டோல்ட் தட்' என்று தொடங்குகிறார்கள். 'டோல்ட்' என்றால் யாரிடம் என்பதைச் சொல்லியாக வேண்டும்: 'ஹி டோல்ட் மீ தட்'. அமெரிக்கர் 'ரைட் மீ' என்பார்கள், பிரிட்டனில் 'ரைட் டு மீ' என்பதே வழக்கம். ஒரே மொழிக்குள் இந்த வேறுபாடு இருக்கிறது என்றால், இது தர்க்கத்தால் கண்டுபிடிக்கக்கூடிய விஷயமன்று, வழக்கு என்பது தெளிவு.

எல்லாப் பழியையும் தமிழின் மேல் போடுவதும் சரியன்று. 'டிஸ்கஸ் அபௌட்' என்ற தவறைப் பாருங்கள். ஆங்கிலமே அதற்குப் பாதை போட்டிருக்கிறது. 'டாக் அபௌட்' சரி. 'டிஸ்கஷன் அபௌட்' சரி. 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு மட்டும் 'அபௌட்' ஆகாது. 'ரெக்வெஸ்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் 'ஃபார்' வரும். வினையானால் கேட்கும் பொருளே நேராகப் பின்னால் வர வேண்டும். 'ஆன்சர்' பெயரானால் கேள்விக்கு முன் 'டு', வினையானால் வெறும் கேள்வி. 'எம்ஃபசிஸ் ஆன்' சரி, 'எம்ஃபசைஸ் ஆன்' தவறு. பெயருக்குரிய இணைப்பை வினைக்கும் தூக்கிக்கொண்டு போவதுதான் இங்கே நடக்கிறது. ஒப்புமை பார்த்துச் செய்யும் தவறு இது, அறிவு வேலை செய்வதன் அடையாளம்.

இனி என்னை மிகவும் ஈர்க்கும் இடத்துக்கு வருகிறேன். 'பிக் அப் த ஃபோன்' என்றும் சொல்லலாம், 'பிக் த ஃபோன் அப்' என்றும் சொல்லலாம். ஃபோனுக்குப் பதில் 'இட்' வந்துவிட்டால் ஒரே வழிதான்: 'பிக் இட் அப்'. 'பிக் அப் இட்' கிடையாது. சரி, பிரதிப்பெயரை எப்போதும் நடுவில் வைத்துவிடலாமா? 'லுக் ஆஃப்டர் ஹர்' என்பதை 'லுக் ஹர் ஆஃப்டர்' ஆக்கினால் அது ஆங்கிலமே இல்லை. காரணம், 'பிக் அப்'பில் உள்ள 'அப்' வினையோடு சேர்ந்த வினையடை. 'லுக் ஆஃப்டர்'இல் உள்ள 'ஆஃப்டர்' பின்வரும் பெயருக்கு முன்னிடைச் சொல். 'டர்ன் ஆஃப்' என்ற ஒரே தொடர் விளக்கை அணைப்பதையும் குறிக்கும், சாலையை விட்டு விலகுவதையும் குறிக்கும். விளக்கானால் 'டர்ன் இட் ஆஃப்', சாலையானால் 'டர்ன் ஆஃப் இட்'. இதைக் காதாலேயே பிடிக்கலாம். 'பிக் இட் அப்' என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் 'அப்' மேல் விழுகிறது, 'இட்' மெலிந்து நடுவில் ஒடுங்குகிறது. ஏற்கெனவே தெரிந்த பொருளைக் குறிக்கும் மெலிந்த சொல்லுக்கு வாக்கியத்தின் கனமான கடைசி இடத்தை ஆங்கிலம் எளிதில் தருவதில்லை.

வினையும் சிறுசொல்லும் பிணைந்து நிற்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு' என்ற கேள்வியில் 'ஹூ' முன்னால் ஓடிவிட்டது. 'டு' மட்டும் வினையை விடாமல் கடைசியில் நிற்கிறது. வாக்கியத்தை இப்படி முடிப்பது குறை என்று கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தைச் சுட்டி எழுதினார். பின்வந்த இலக்கண ஆசிரியர்கள் பலர் அதைத் தடையாகவே போதித்தார்கள். ஆங்கிலேயரின் பேச்சு அதற்குக் கட்டுப்படவில்லை. வினைக்கும் அதன் துணைச்சொல்லுக்கும் உள்ள பிணைப்பு அவ்வளவு வலுவானது.

'டிஸ்கஸ் அபௌட் என்றாலும் புரிகிறதே, இந்திய ஆங்கிலம் என்று ஏற்றுக்கொண்டால் என்ன' என்பவர்கள் உண்டு. அந்தக் கருத்தில் பாதியை நான் ஏற்கிறேன். நம் ஊர்ப் பேச்சில் இதற்காக ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது அநாகரிகம். ஆனால் எல்லாச் சிறுசொற்களும் இப்படிப் பொருளைத் தொடாமல் போய்விடுவதில்லை. 'ஷவுட்டட் டு மீ' என்றால் தூரத்திலிருந்து எனக்குக் கேட்கும்படி கூவினார். 'ஷவுட்டட் அட் மீ' என்றால் என் மேல் எரிந்து விழுந்தார். பந்தை 'த்ரோ டு மீ' என்றால் நான் பிடிப்பதற்கு, 'த்ரோ அட் மீ' என்றால் என்னை அடிப்பதற்கு. ஒரு புகார்க் கடிதத்தில் இந்த ஒற்றைச் சொல் வழக்கின் போக்கையே மாற்றும். மேலும், தேர்வில் மதிப்பெண்ணும் வேலையும் ஆங்கிலத்தின் பொது மொழிவழக்கை ஒட்டியே கிடைக்கும்போது, அதைக் கற்பிக்காமல் விட்டுவிட்டு 'எதுவும் சரி' என்பது மாணவனுக்குச் செய்யும் உதவியன்று.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு ஏ. எஸ். ஹார்ன்பியின் உழைப்பு விடை. 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற அவர், தாய்மொழியாக ஆங்கிலம் பேசாதவருக்குத் தேவை வெறும் பொருள் அன்று, வினையின் அமைப்பு என்று கண்டார். தம் நண்பர்கள் இருவருடன் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை வெளியிட்டது. இன்று நம் மாணவர் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் அதுதான். 1954இல் எழுதிய நூலில் ஆங்கில வினைகளின் அமைப்புகளை அவர் 25 வகைகளில் அடக்கிக் காட்டினார். வினைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அமைப்புகள் எண்ணிவிடக்கூடியவை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கரும்பலகையில் 'எக்ஸ்ப்ளெயின், விளக்கு' என்று எழுதி நிறுத்தாதீர்கள். 'எக்ஸ்ப்ளெயின் சம்திங் டு சம்ஒன்' என்று முழுதாக எழுதுங்கள். 'ஆஸ்க்', 'டெல்', 'ஸே', 'டிஸ்கஸ்', 'ரெக்வெஸ்ட்', 'ஆன்சர்' என்று அன்றாடம் புழங்கும் வினைகளிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் 'மீ', 'ஹிம்', 'இட்' சேர்த்து மாணவர்களை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள்.