உருக்கைக் காக்கும் தூள்

உறுதிக்கு உவமையாக உருக்கைக் கூறுவது உலக வழக்கு. ஆயினும், அவ்வுருக்கும் பிறக்கும்பொழுது பச்சிளங் குழந்தையைப் போன்று மென்மையானதே. அதனைப் பேணும் செவிலித்தாய் ஒருவகைத் தூள் என்பது பலர் அறியாத செய்தியாகும்.

முற்காலத்தில் உருகிய உருக்கைத் தனித்தனி அச்சுகளில் வார்த்து, உறைந்த பின்னர் மீண்டுஞ் சூடேற்றி உருட்டினர். இடையறாது வார்க்கும் வழியை ஹென்றி பெசமர் 19ஆம் நூற்றாண்டிலேயே எண்ணினார். எனினும், அக்கனவு ஆலைகளில் வேரூன்ற ஏறத்தாழ 100 ஆண்டுகள் சென்றன. இன்றோ உலக உருக்கில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் அவ்வாறே வார்க்கப்படுகின்றது.

இதற்குரிய அச்சு செம்பினால் ஆனது, அடிப்புறம் திறந்தது. செம்பு 1085 பாகையில் உருகிவிடும். அதனுள் ஊற்றப்படும் உருக்கோ 1500 பாகை அளவு வெப்பமுடையது. சுவருக்குப் பின்னால் விரைந்தோடும் நீரே செம்பைக் காக்கின்றது. சுவரையடுத்த உருக்கு மெல்லிய தோலாக உறைய, உள்ளே குழம்பு தங்கியிருக்க, வார்ப்பு மெல்ல மெல்லக் கீழிறங்குகின்றது. அத்தோல் சுவரில் ஒட்டிக் கிழியுமாயின் குழம்பு வெளியே பாயும். இயந்திரம் பாழாகும், அருகில் நிற்போரின் உயிருக்கும் இடர் நேரும்.

ஒட்டாதிருக்க அச்சினை மேலுங் கீழுமாக அசைக்கும் உபாயத்தை ஜெர்மானியரான சீக்பிரீட் யுங்கான்ஸ் 1933இல் வகுத்தார். அதனோடு மசகும் வேண்டும். தொடக்கத்தில் கடுகினச் செடியொன்றின் விதையெண்ணெய் அதற்குப் பயன்பட்டது. பின்னர் வந்ததே இத்தூள். சுண்ணாம்பு, சிலிக்கா, சோடா, கல்சியம் புளோரைட்டு, காபன் முதலியன இதிற் கலந்துள்ளன.

தூளின் மேற்படை, நீறு பூத்த நெருப்புப்போல, உருக்கின் வெப்பத்தைக் காத்துக் காற்றையுந் தடுக்கின்றது. கீழ்ப்படை உருகி, மிதந்து வரும் மாசுகளைத் தன்னுட் கரைத்துக்கொள்கின்றது. சுவருக்கும் தோலுக்கும் இடையே கசிந்து மசகாகின்றது. தூள் விரைந்து உருகிவிடாது தடுப்பது காபன். உருகியதை இளக்கி ஓடச் செய்பவை சோடாவும் புளோரைட்டும். மேலும், புளோரைட்டினால் இடைப்படலத்திற் பளிங்குகள் தோன்றி வெப்பம் வெளியேறும் வேகத்தைத் தணிக்கின்றன. நூற்றுக்கு 0.1 அளவு காபனுடைய உருக்கு உறையும்போது மிகச் சுருங்கி வெடிக்கும் இயல்பினது. அதற்கு இத்தணிவு இன்றியமையாதது.

ஆயினும், நன்மை செய்யும் புளோரைட்டே தீமையுஞ் செய்கின்றது. அதன் ஆவி தொழிலாளரின் சுவாசத்துக்குக் கேடு. குளிர்விக்கும் நீரிற் கலந்து அமிலமாகி இயந்திரத்தை அரிக்கின்றது. ஆதலின் அறிஞர் போரன், லிதியம், தைத்தேனியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளை ஆராய்ந்து வருகின்றனர். போரன் தூளை எளிதில் இளக்கும். ஆனால் வேண்டிய பளிங்குகள் தோன்றுதல் அரிது. லிதியமோ விலையுயர்ந்தது.

1 தொன் உருக்கிற்கு ஏறத்தாழ அரைக் கிலோ தூளே செலவாகின்றது. அச்சிறு அளவினுள் இத்துணைச் சிக்கல் அடங்கியுள்ளது. உருக்கைக் காக்கும் தூள், அதனருகே நின்று உழைப்பவனையும் காத்தல் வேண்டும். அதுவே முழுமையான தூளாகும்.