ஒரே மேசையில் மதிய உணவு



மதியம் ஒரு மணிக்கு நம் ஊர்க் கடைத்தெருவில் உள்ள ஏதாவது ஒரு மெஸ்ஸுக்குள் போய்ப் பாருங்கள். நான்கு பேர் உட்காரும் மேசையில் முன்பின் தெரியாத நால்வர் இருப்பார்கள். லாரி ஓட்டுநர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், ஆஸ்பத்திரிக்கு வந்த கிராமத்துப் பெரியவர். "அந்தத் தண்ணிச் செம்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்பார் ஒருவர். மற்றவர் தள்ளுவார். குலம் கோத்திரம் யாரும் கேட்பதில்லை.

இது சாதாரணமான காட்சி. ஆனால் நம் தாத்தாக்கள் காலத்தில் இது சாதாரணம் அல்ல. பிராமணர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கிய உணவு விடுதிகள் அன்று இங்கே இருந்தன. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்கோ, பல கடைகளில் வாசலோடு சரி. 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்புச் சட்டம், கடைகளிலும் உணவகங்களிலும் சாதி, மதத்தின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று 15-ஆம் பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்றால், காயம் எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும்!

இந்த நோய் நம் நாட்டில் மட்டும் இருக்கவில்லை. அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில், உல்வொர்த் என்ற பெரிய கடை இருந்தது. அதற்குள்ளேயே மதிய உணவுக்கு ஒரு நீண்ட மேசையும், வரிசையாக இருக்கைகளும் உண்டு. கறுப்பின மக்கள் அந்தக் கடையில் எந்தப் பொருளையும் வாங்கலாம். ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1960 பிப்ரவரி 1-ஆம் நாள் எசல் பிளேர், பிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட் என்ற நான்கு கல்லூரி மாணவர்கள் முதலில் சில சிறு பொருள்களை வாங்கினார்கள். பிறகு அந்த மேசையில் போய் அமர்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. அவர்கள் சண்டையும் போடவில்லை, எழுந்து போகவும் இல்லை. கடை மூடும்வரை அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். சில வாரங்களில் பல நகரங்களில் இப்படி உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் அந்த மேசை எல்லாருக்கும் திறந்தது. முதலில் அங்கே அமர்ந்து உண்டவர்கள், அதே கடையில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள். மற்றவர்க்கு வேலை செய்துகொண்டிருந்த இடத்தில், அன்றுதான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அன்பானவர்களே, அந்தக் கடைக்காரரின் மனதைக் கவனியுங்கள். உன் காசு வேண்டும், உன் உழைப்பு வேண்டும், ஆனால் என் பக்கத்தில் நீ சாப்பிட வேண்டாம். இந்த மனம் நமக்குப் புதிதா?

தொடக்கத் திரு அவையிலும் இது நுழைந்தது. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பின்வாங்கி விலகிக்கொண்டார். பவுல் விட்டாரா? எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியர் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. பந்தியை விட்டு எழுந்தார், அவ்வளவுதான். அதையே நற்செய்தியின் உண்மைக்கு மாறான நடத்தை என்கிறார் பவுல்.

இப்போது நம் பங்குக்கு வருவோம். காலையில் ஒரே பீடத்தைச் சுற்றி நிற்கிறோம். ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறோம். அதே மக்களில் சிலருடைய வீட்டில் நாம் இதுவரை ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. திருவிழாவுக்கு அவர்களின் வரி வேண்டும், தேர் இழுக்க அவர்களின் தோள் வேண்டும். கல்யாணப் பந்தியில் மட்டும் இடம் மாறிவிடுகிறது. 2003-இல் புனித இரண்டாம் யோவான் பவுல், நம் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடத் திரு அவைக்குள் இருக்கக் கூடாது என்று வலியுறுத்தினார். உணவகத்தில் சட்டம் செய்ததை, நம் வீட்டில் யார் செய்வது?

"நாங்கள் ஏழைகளுக்கு அன்னதானம் செய்கிறோமே, சாமி" என்பீர்கள். நல்லது. ஆனால் கொடுப்பவர் நின்றுகொண்டு கொடுக்கலாம். கூட உண்பவரோ பக்கத்தில் உட்கார வேண்டும். இயேசு அப்பம் பகிர்ந்து அளித்ததோடு நிற்கவில்லை. சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சக்கேயுவின் வீட்டில் தாமே விருந்தாளியாகத் தங்கினார்.

இந்த வாரம் ஒன்று செய்வோம். நம் பங்கிலேயே, இதுவரை நாம் கை நனைக்காத ஒரு வீட்டுக்குப் போவோம். அவர்கள் தரும் தண்ணீரை அவர்கள் குவளையிலேயே குடிப்போம். சோறு போட்டால் உட்கார்ந்து சாப்பிடுவோம். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போவோம். இதை அவர்கள் நம்மைப் பார்த்துத்தான் கற்பார்கள்.

ஒரே பந்தியில் நம்மை அழைத்த ஆண்டவர், அந்தப் பந்தியிலிருந்து எழுந்துவிடாத மனத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.