கடற்படையா, வணிகக் கப்பலா?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்துவிட்டுக் கடலுக்குப் போக நினைக்கும் இந்திய மாணவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள கடற்படை. மற்றது, மெர்ச்சன்ட் நேவி எனப்படும் வணிகக் கப்பல் வேலை. கடலும் அலையும் இரண்டுக்கும் பொது. ஆனால் கடற்படைக்காரர் அரசின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். வணிகக் கப்பல்காரர் ஒரு நிறுவனத்தோடு சில மாதங்களுக்கு ஒப்பந்தம் போட்டவர். மற்ற வேறுபாடுகள் அநேகமாக எல்லாம் இதிலிருந்து கிளைப்பவையே.

கடற்படையில் பி.டெக். வழியாக அதிகாரியாகச் சேர ஜே.இ.இ. மெயின் தேர்வில் நல்ல தரவரிசை வேண்டும். அதன்பின் ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வு, நன்கு படிப்பவர்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். தேறியவர் கேரளத்தின் எழிமலை அகாடமியில் நான்கு ஆண்டு பி.டெக். படிக்கிறார், செலவு அரசுடையது. மாலுமியாகச் சேர்பவர், 2022இல் வந்த அக்னிவீர் திட்டப்படி ஒடிசாவின் சில்காவில் பயிற்சி பெறுகிறார். பணி நான்கு ஆண்டு. அதற்குப் பிறகும் தொடர்பவர் அதிகபட்சம் நால்வரில் ஒருவர்.

வணிகக் கப்பலுக்கு வாசல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. டெக் பக்கம் போகிறவர் ஓராண்டு டிப்ளமோவும், கப்பலில் பதினெட்டு மாத கேடட் பயிற்சியும் முடித்து, செகண்ட் மேட் எனும் அதிகாரித் தகுதிக்கான தேர்வு எழுதலாம். எஞ்சின் பக்கம் நான்கு ஆண்டு மரைன் எஞ்சினியரிங். இரண்டிலும் செலவு பெற்றோருடையது. சில லட்சங்கள் ஆகும்.

உண்மையான சிக்கல் படிப்பு முடிந்த பிறகு தொடங்குகிறது. கப்பல் நிறுவனம் முன்கூட்டியே ஸ்பான்சர் செய்தால் கேடட்டுக்குக் கப்பல் கிடைத்துவிடும். ஸ்பான்சர் இல்லாமல் சேர்ந்தவர்கள் சிலர் சான்றிதழோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஏஜென்ட்டுகள் வலை விரிப்பது இவர்களுக்காகத்தான். கப்பலில் ஏற்றிவிடக் கட்டணம் கேட்பதை, இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடைசெய்கிறது. ஆள்சேர்க்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் கட்டாயம், உரிமம் செல்லுபடியாகிறதா என்பதை கப்பல் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி. ஷிப்பிங்கின் இணையதளத்தில் பார்த்துவிடலாம். பணம் கட்டிய பிறகு பார்ப்பவர்களே அதிகம்.

சம்பளத்தைப் பற்றி ஊரில் பேசுவதெல்லாம் பாதி உண்மை. அனுபவமுள்ள வணிகக் கப்பல் அதிகாரியின் மாதச் சம்பளம், கடற்படை அதிகாரியுடையதைப் போலப் பல மடங்கு இருக்கக்கூடும். நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வரிச்சலுகைக்கும் வாய்ப்புண்டு. ஆனால் பலருக்குக் கப்பலில் இருக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் சம்பளம். ஒப்பந்தம் முடிந்து கப்பலிலிருந்து சைன் ஆஃப் ஆனதும் அது நின்றுவிடும். அரசு ஓய்வூதியம் கிடையாது. கடற்படையில் கரையில் இருந்தாலும் சம்பளம் உண்டு. குடியிருப்பும் குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு. நிரந்தரப் பணியில் இருபது ஆண்டு முடித்த அதிகாரிக்கு ஓய்வூதியமும் உண்டு. நினைத்தபோது விலக மட்டும் முடியாது.

வணிகக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள். கன்டெய்னர் கப்பல் துறைமுகத்தில் பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்பதில்லை என்பதால், ஊர் சுற்றும் ஆசையில் வருபவர் ஏமாந்துபோவார். ஆயுதமும் இல்லை. ஏடன் வளைகுடாவில் 2008 முதல் இந்தியக் கடற்படை கடற்கொள்ளையருக்கு எதிராக ரோந்து வருவதற்கு இந்த நிலையும் ஒரு காரணம். 2024 மார்ச்சில் கடற்கொள்ளையரிடம் சிக்கியிருந்த ரூயென் கப்பலின் பதினேழு ஊழியர்களை மீட்டது ஐ.என்.எஸ். கொல்கத்தா.

கடற்படையில் பணியாற்றியவர், டி.ஜி. ஷிப்பிங் கேட்கும் தேர்வுகளை எழுதி வணிகக் கப்பலுக்கு மாற வழியுண்டு. வணிகக் கப்பலிலிருந்து கடற்படைக்கு மாறுவது அவ்வளவு எளிதில்லை. எழிமலை பி.டெக். வாய்ப்பு பத்தொன்பதரை வயதோடு முடிந்துவிடுகிறது; வணிகக் கப்பல் படிப்புகளின் வயது வரம்பு அதைவிடத் தளர்வானது. எனவே இரண்டிலும் மனமுள்ளவர் எஸ்.எஸ்.பி.யை முதலில் முயன்று பார்ப்பதில் இழப்பு ஏதும் இல்லை.