ஏறியவர் கணக்கும் ஏறாதவர் கணக்கும்



இன்று நாம் பேச வந்திருப்பது பேருந்தைப் பற்றி. உரிமை பற்றிப் பேச வேண்டியவர்கள் பேருந்துக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்குப் பழைய செய்தி ஒன்றை நினைவூட்டுவோம். 1958 ஜனவரி 1ஆம் திகதி இந்நாட்டின் பேருந்துகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கைக்கு வந்தன. அதே ஆண்டில் அச்சபையின் வண்டிகள் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைத் தாங்கி வடக்கே வந்தன. அந்த ஒற்றை எழுத்தை எதிர்த்து நம் முன்னோர் சிறை சென்றனர். வண்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பது அன்று அரசியலாயிற்று. வண்டி வருகிறதா, எவரை ஏற்றுகிறது, எவரை வீதியில் விட்டுச் செல்கிறது என்பது இன்று அரசியல் ஆகாதா?

வன்னியின் உட்கிராமம் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு வண்டி வரவேண்டும். திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன்கிழமை எட்டரைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கூலி வேலைக்குப் போகிறவர் நாட்சம்பளத்தில் ஒரு பங்கை முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கிறார். கிளினிக்குக்குப் போகவேண்டிய மூதாட்டி வீட்டிலேயே இருந்துவிடுகிறார். சில மாதங்கள் கழிந்தபின் அதிகாரிகள் பயணச்சீட்டுக் கணக்கைப் பார்க்கிறார்கள். “இந்தப் பாதையிற் பயணிகள் இல்லை” என்று முடிவு செய்கிறார்கள். வண்டி நிற்கிறது.

அன்பர்களே, அந்தக் கணக்குப் பொய்க் கணக்கன்று. ஆயினும் அது பாதிக் கணக்கு. பயணச்சீட்டு ஏறியவரை மாத்திரமே எண்ணுகிறது. காத்திருந்து திரும்பியவருக்குச் சீட்டு இல்லை. படியில் ஏற முடியாத மாற்றுத்திறனாளிக்குச் சீட்டு இல்லை. வண்டி வராததனால் மக்கள் விலகினர். மக்கள் விலகியதைக் காட்டி வண்டி நிறுத்தப்பட்டது. நீதிமன்றத்தில் இவ்வாறு எவரேனும் வாதிட்டால், தன் தவறையே தனக்குச் சான்றாக்குகிறார் என்று நீதிபதி அவரை அமரச் சொல்லிவிடுவார்.

மற்றைப் பாதிக் கணக்கும் அரசிடமே இருக்கிறது. எத்தனை ஓட்டங்கள் ஓட வேண்டும், எத்தனை ஓடின என்பதைச் சாலைகள் அறியும். வண்டி வந்த நேரத்தை நேரக் காப்பாளர் பதிகிறார். மாணவர்களுக்கான சிசு சரிய போன்ற சேவைகளுக்குப் பொதுப் பணம் போகிறது. பணம் போகும் இடத்திற் பதிவு இல்லாமற் போகாது. நாம் கேட்பது அந்த இரண்டு எண்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பாதைவாரியாக வெளியிடுங்கள் என்பதே.

இதனை நாம் பிச்சையாகக் கேட்கவில்லை. 2015இல் வந்த பத்தொன்பதாவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி, தகவல் கேட்பவர் காரணம் கூறத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் அதிகாரி தம் முடிவைச் சொல்ல வேண்டும். அதைவிட மேலாக, கேளாமலே சில தகவல்களை ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் கடமையும் அமைச்சர்களுக்கு உண்டு. கடமை ஏட்டில் இருக்கிறது.

நடைமுறை எப்படி? ஓர் அலுவலகத்திடம் நாமே ஒருமுறை கால அட்டவணை கேட்டோம். வந்தவை, சாய்வாகப் படம்பிடித்த தாள்கள். பாதியை வாசிக்க முடியவில்லை. மீதியிலும் தமிழ் ஓர் எழுத்துக்கூட இல்லை. தகவல் தந்தாயிற்று என்று கோப்பை மூடிவிட்டார்கள். எண்ணவும் ஒப்பிடவும் கூடிய அட்டவணையாக, மூன்று மொழிகளிலும், எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்கதாக இருந்தாலன்றி அதனைத் திறந்த தரவு என்று சொல்ல மாட்டோம்.

தீவுப் பகுதியை எடுங்கள். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இறங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து. படகு ஓர் அதிகாரத்தின் கீழ். பேருந்து வேறோர் அதிகாரத்தின் கீழ். பேருந்துகளுக்குள்ளும் சபை வண்டிக்கு ஓர் எசமான், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் வண்டிக்கு மற்றோர் எசமான், மாகாணம் விட்டு மாகாணம் ஓடுவதற்கு மூன்றாவது எசமான். இவர்களின் அட்டவணைகள் ஒரே ஏட்டில் இருந்தால், படகு வரும் முன்னர் எந்தப் பேருந்து புறப்பட்டுவிடுகிறது என்பதைப் பள்ளி மாணவனும் கண்டுபிடித்துவிடுவான். இறங்குதுறையிற் காத்திருக்கும் நோயாளிக்கு அது சிறு விடயமன்று.

புகையிரதத்துக்கும் இதுவே பொருந்தும். 1990இல் நின்ற வடபகுதிப் புகையிரதம் 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. மகிழ்ந்தோம். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர் எத்தனை நிலையங்களில் மேடையிலிருந்து பெட்டிக்குள் தாமாகவே செல்ல முடியும்? மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பு இந்நாட்டில் இயலாமையுடையோர் சுமார் 16 இலட்சம் பேர் என்றது. போரிற் காலிழந்தோர் நிறைந்த மண்ணில், நிலையம் நிலையமாக இதற்குப் பதில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டாமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாம் கேட்பது வண்டிகளின் கணக்கு, ஆட்களின் கணக்கன்று. எவர் எந்த நாளில் எங்கே போனார் என்று பதிந்து வைப்பதை இந்த மண் போதியளவு கண்டிருக்கிறது. பெயரும் அடையாளமும் கலந்த எந்தத் தரவும் வெளியே வரலாகாது. தனியார் உரிமையாளர்கள் வியாபார இரகசியம் என்பார்கள். அவர்தம் இலாபக் கணக்கை நாம் கேட்கவில்லை. அனுமதிப்பத்திரத்தில் எத்தனை ஓட்டங்கள் எழுதியிருக்கின்றனவோ, அவை ஓடினவா என்றே கேட்கிறோம். பொதுநலன் மேலோங்கும் இடத்தில் விலக்கு நில்லாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

நம்மவர் குறையையும் மறைக்க வேண்டாம். 2013 முதல் 2018 வரை வட மாகாண சபை நம்மவர் கையில் இருந்தது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பேருந்துகளின் அனுமதி மாகாண அதிகாரத்துக்கு உட்பட்டது. அந்தக் கணக்கையாவது வெளியிடுங்கள் என்று நாம் எத்தனை முறை கேட்டோம்? மேடைக்கு ஏற்ற பொருளாக அது நமக்கு அன்று தோன்றவில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லி அமர்கிறோம். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இரண்டு இளைஞர்கள், ஒரு கொப்பி, ஒரு மாதம். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எந்த வண்டி வரவில்லை, எத்தனை பேர் ஏறாமல் நின்றனர் என்று எழுதுங்கள். அதே மாதத்துக்குரிய அரச கணக்கை விண்ணப்பித்துப் பெறுவோம். மறுத்தால் ஆணைக்குழுவுக்குப் போவோம். அங்கும் தீராவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. விண்ணப்பங்கள் தமிழில் எழுதி வாசலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. உங்கள் ஊரின் பெயரையும் பாதையின் இலக்கத்தையும் நிரப்பி, கையொப்பமிட்டுவிட்டுச் செல்லுங்கள்.